வரி கட்டாத பாளையம்

விளாத்திகுளத்தில் நின்று தெற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். இதற்காகவா இத்தனை பேர் வெட்டிக்கொண்டு செத்தார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லை எது என்று 18ஆம் நூற்றாண்டில் கேட்டிருந்தால், பதில் வாயால் வந்திருக்காது, வல்லயத்தால் வந்திருக்கும். இந்த லட்சணத்தில் அருங்குளம், சுப்பலாபுரம் என்ற இரண்டு ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி பாஞ்சையிடமிருந்து பிடுங்கி எட்டயபுரத்துக்குக் கொடுத்தது. பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ண வந்தவன் கிணற்றோடு தோட்டத்தையும் தன் பேருக்கு எழுதிக்கொண்ட கதை அப்படித்தான் தொடங்கியது.

1798இல் பாஞ்சைப் பாளையக்காரர் கட்டபொம்மன் வைத்த வரிப் பாக்கி 3310 பகோடா என்றது கம்பெனிக் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. பருவக்காற்றோ மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே சரக்கையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றை அனுப்பிவைக்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலுக்கு மனசு வந்தால் கம்பும் பருத்தியும் உண்டு. இல்லாவிட்டால் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிஸ்தி மட்டும் தேதி தவறாது.

பாக்கி வசூலிக்கக் கலெக்டர் ஜாக்சன் கண்ட வழி அலாதியானது. கட்டபொம்மனை வரச் சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமலே குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இழுத்தடித்தார். 23 நாள், 400 மைல். அரசு அலுவலகங்களில் ‘நாளைக்கு வாங்க’ என்பதன் மூலவர் இவராகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் தரிசனம் கிடைத்தது. அது கைகலப்பாகி, கம்பெனியின் லெப்டினன்ட் கிளார்க் உயிர் போயிற்று. கணக்கைச் சரிபார்த்தால் நின்றிருந்த பாக்கி 1080 பகோடாதான். ஜாக்சனுக்கு வேலை போனது.

1799 செப்டம்பர் 5 அன்று கம்பெனிப் படையோடு மேஜர் பானர்மேன் பாஞ்சைக் கோட்டைக்கு வந்தார். ஆள் நாள் பார்க்கத் தெரிந்தவர். இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால், பீரங்கிச் சக்கரத்தைக் கரிசல் சகதி அச்சோடு பிடித்து வைத்திருக்கும். வெயிலில் வெடித்துக் கிடக்கும் இந்த மண், நனைந்தால் மாட்டையும் விடாது, மேஜரையும் விடாது. மழை பிந்தியது, பாஞ்சை முந்தி விழுந்தது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. எட்டயபுரம் கம்பெனிக்குப் படை அனுப்பியது, நிலமும் வாங்கியது, எல்லாம் உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கெட்ட பெயரை மட்டும் ஊர் மொத்தமாக எட்டயபுரத்து எட்டப்பர் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, ஆறே நாளில் பாஞ்சையில் மண்கோட்டையை எழுப்பிவிட்டார். டெண்டர் கிடையாது, பூமி பூஜை கிடையாது. மே 24 அன்று அதுவும் விழுந்தது. வெள்ளைக்காரன் கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தான். ஊர்ப் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்தான். கரிசலில் ஆமணக்கு நன்றாகவே வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். 1974இல் தமிழக அரசு அங்கே ஒரு கோட்டை கட்டியது. இப்போது பள்ளிக்கூடச் சுற்றுலாப் படைகள்தான் முற்றுகையிடுகின்றன.

கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத் தேவனின் ஊரான வல்லநாட்டில் வேறு பாளையம் நடக்கிறது. திருநெல்வேலி–தூத்துக்குடி சாலையோரம் இருக்கும் குன்றும் முள்காடும் 1987இல் வெளிமான் சரணாலயம் ஆயின. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களில் தென்கோடியில் இருப்பது இதுதான். அடர்ந்த காடு கொடுத்தாலும் வேண்டாம் என்கிற பிராணி. திறந்த புல்வெளியும் ஓட இடமும் போதும். கொம்பை முறுக்கிக்கொண்டு நிற்கும் கிடா, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போட்டே தன் எல்லையைக் குறித்துவிடுகிறது. இரண்டு பாளையங்கள் தலைமுறை தலைமுறையாக வல்லயம் தூக்கியும் முடியாத வேலை.

வெளிமானுக்கும் சீமையிலிருந்து ஒரு எதிரி வந்தாயிற்று: சீமைக்கருவேலம். இது கிஸ்தி, பேட்டி, கயத்தாறு என்று சுற்றி வளைப்பதில்லை; புல் முளைக்கிற இடத்தில் நேராக வந்து உட்கார்ந்துகொள்கிறது.