நர்ஸம்மாவுக்கு வளையல் வேண்டாம் அக்கா!

லெஸ்டர்,
வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

குடல்வாலை எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டது. தும்மும்போது மட்டும் சுருக்கென்று ஞாபகப்படுத்துகிறது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வள்ளியும் நானும் சேர்ந்து கேட்டோம். முக்கால்வாசி பத்தியம், மிச்சம், "ஏல, பாத்துக்கிட்ட நர்ஸம்மாக்கள வெறுங்கையோட விட்டுட்டு வந்திராத, கவனிச்சிரு" என்ற மிரட்டல். கூடவே பார்சலும் கிளம்பிவிட்டது என்கிறாய்: ரெண்டு டஜன் வளையல், கைமுறுக்கு, அத்தான் கையால் வெற்றுக் கவரில் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அக்கா, உன் மனசு தங்கம். ஆனால் அந்த மூன்றில் எதையும் வார்டுக்குள் கொண்டுபோக வழியில்லை.

முதலில் கவர். இங்கே அரசு ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளியிடமிருந்து ரொக்கமோ கிஃப்ட் கூப்பனோ வாங்கவே கூடாது. பொருளாகக் கொடுத்தாலும் 50 பவுண்டுக்கு மேல் மதிப்பிருந்தால் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரியின் அறக்கட்டளைக் கணக்குக்குத்தான் போகும். நர்ஸ்களுக்கென்று தனியாக ஒரு நடத்தை விதி வேறு உண்டு: அற்பசொற்பமானது தவிர எந்தப் பரிசையும் மறுத்துவிட வேண்டும். அத்தானுக்குக் கால் முறிந்தபோது ஸ்ட்ரெச்சர் லிப்ட் வாசலிலேயே நின்றதும், உன் முந்தானை முடிச்சு அவிழ்ந்தபிறகு அது தானாக நகர்ந்ததும் எனக்கு இங்கே படுத்திருக்கையில் ஞாபகம் வந்தது. இங்கே தள்ளிக்கொண்டு போனவர் வழிநெடுக கால்பந்து பேசினார். இறங்கும்போது சட்டைப்பைக்கு என் கை தானாகப் போனது. ஆஸ்பத்திரி அங்கியில் பை இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றதும் பில் எங்கே என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைத் தாத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1948-இல் அரசு மருத்துவச் சேவை தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் பில் கிடையாதாம். விசாவோடு சேர்த்து ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு என்று என்னிடம் முன்கூட்டியே கறந்துவிட்டதால், அந்தச் சிரிப்பில் என்னால் முழுமனதாகக் கலந்துகொள்ள முடியவில்லை.

அடுத்து வளையல். நோயாளியைத் தொடுகிறவர்களுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வளையல் இல்லை, வாட்ச் இல்லை, நீளக் கை சட்டை இல்லை. கல் வைக்காத ஒற்றைக் கல்யாண மோதிரத்துக்கு மட்டும் மன்னிப்பு. கை கழுவும்போது கிருமி ஒளிய இடம் இருக்கக் கூடாதாம். இரவில் என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு கோட்டயத்துச் சேச்சி. அவர் கடிகாரம் நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும். குனிந்து பார்த்தால் அவருக்கு நேராகத் தெரியும். என் மணிக்கட்டில் ரெண்டு விரலை வைத்து, தாடையை இறக்கி அதைப் பார்ப்பார். அந்த அரை நிமிஷமும் நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன், ஏதோ பரீட்சையில் மார்க் குறையும் என்பதுபோல. "மூச்சு விடு மோனே" என்பார். அவர் விரல் முட்டியெல்லாம் வெடித்துக் கிடந்தது. கழுவிக் கழுவி, ஜெல் போட்டுப் போட்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் வள்ளி வார்டுக்கென்று பெரிய பம்பு பாட்டிலில், வாசனையில்லாத கை கிரீம் வாங்கினாள். பத்துப் பவுண்டு ஆகவில்லை. அதற்குக் கிடைத்த வரவேற்பு பட்டுப்புடவைக்குக்கூடக் கிடைத்திருக்காது.

முறுக்குக்கு வருகிறேன். வீட்டுப் பண்டம் என்றால் பல வார்டுகளில் தயங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காதே, யாருக்காவது கடலை ஒத்துக்காது, எள் ஒத்துக்காது. கடையில் வாங்கிய பிரிக்காத டப்பாதான் உத்தமம். அதனால் ஊரே சாக்லேட் கொடுக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. 2013 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வந்தது. வார்டுகளில் ரோசஸ், குவாலிட்டி ஸ்ட்ரீட் டப்பாக்களை வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார். சராசரியாக 12 நிமிஷத்தில் டப்பா திறந்தாகிவிட்டது. ஒரு சாக்லேட்டின் ஆயுசு 51 நிமிஷம். நர்ஸ்களும் உதவியாளர்களும்தான் முன்னணி, டாக்டர்கள் அதற்குப் பின்னால். நம் வீட்டில் பெரியம்மா அதிரசம் சுட்ட நாளில் யாரும் இப்படி நோட்டுப் போட்டு உட்காரவில்லை, இல்லாவிட்டால் என் மானம் போயிருக்கும்.

இதில் அநியாயம் என்னவென்றால், மத்தியானம் கொடுக்கிற டப்பா ராத்திரி டூட்டிக்காரர்கள் வரும்வரை உயிரோடு இருப்பதில்லை. சாயங்காலம் வந்து காலை வரைக்கும் நிற்கிறவர்களுக்கு வெறும் காகிதம்தான். ஆகவே ரெண்டு டப்பா வாங்கி, ஒன்றின் மேல் 'நைட் ஷிப்டுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினோம். தரை துடைத்த அம்மாவையும் டீ கொண்டுவந்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுத்தாள் வள்ளி. அவர்களுக்கென்று யாரும் எதுவும் கொண்டுவருவதில்லை. கூடவே ஒரு பெரிய பெட்டி டீ பேக். வேலை நேரத்தில் குடிக்கிற டீக்கும் பாலுக்கும் வார்டுக்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பூ மட்டும் வாங்கிவிடாதே என்று எல்லோரும் சொன்னார்கள். நிறைய வார்டுகளில் பூவுக்கு அனுமதியே இல்லை.

ஆனால் அக்கா, நர்ஸ்கள் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றுதான்: ஒரு கடிதம். இங்கே நர்ஸ்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 450 மணி நேர வேலைக்கணக்கோடு, தங்கள் வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து கருத்துகளையும் காட்ட வேண்டும். நோயாளி எழுதியதும் அதில் சேரும். 'எல்லோருக்கும் நன்றி' என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. யார், என்றைக்கு, என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். டெய்சி விருது என்று ஒன்றும் இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் பாட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயதுக்காரர் இறந்தபின், அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கு நன்றி சொல்ல அவர் குடும்பம் ஆரம்பித்தது, இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் வந்திருக்கிறது. அதற்கும் நாம் எழுதிக் கொடுக்கிற நாலு வரிதான் விண்ணப்பம்.

ஆக ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ராத்திரி மூன்று மணிக்கு வலியில் நான் முனகியபோது விளக்கைப் போடாமல் டார்ச்சோடு வந்து தலையணையைச் சரிசெய்தது முதல் எழுதினேன். சேச்சி வாங்கிப் படித்துவிட்டு, "தேதி போட்டிட்டில்லல்லோ" என்று பேனாவையும் நீட்டினார். அவர் பேனாதான், நான் திருப்பிக் கொடுக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வார்டில் பேனா கால் முளைத்து ஓடிவிடுமாம். அடுத்த தடவை ஒரு கட்டு பேனாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பார்சல் வரட்டும். வளையலுக்கு வள்ளி இப்போதே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ரூபாய்த் தாள்கள் பத்திரமாக இருக்கும், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அத்தானிடமே கொடுத்துவிடுகிறேன். முறுக்கைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வீட்டில் அதற்கு 51 நிமிஷம் அதிகம்.

இப்படிக்கு,
உன் தம்பி,
செல்வம்