படத்துக்கு ஒரு கை

அக்கா படம் போட்டுவிட்டார். மணி இரவு 9.40. இனி எங்கள் வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை.

எந்த அக்கா என்று கேட்கமாட்டீர்கள். வீட்டில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஓர் அக்கா இருப்பார். எங்கள் செபராங் ஜெயாவில் பல தெருக்களுக்கு மீன் பெயர்: தெங்கிரி, தோடாக், சியாக்காப், தூனா. எங்கள் அக்கா எந்த மீனில் குடியிருக்கிறார் என்று சொன்னால் வலையில் மாட்டுவது நான்தான். அதனால் அது வேண்டாம்.

படத்தில் இருந்தது ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய பினாங்குப் பாலம். நடுவில் கோபுரங்கள், அவற்றிலிருந்து வெள்ளைத் தையல் நூலில் இறங்கும் கம்பிகள், எல்லா நூலும் ஒரே சாய்வில். டோல் சாவடிகூட இருந்தது. அதுவும் பிறை பக்கம் மட்டும். தீவுக்குப் போகும்போதுதான் காசு, திரும்பும்போது கிடையாது என்பது எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் தடுப்பு இல்லாத வழி. மோட்டாருக்கு டோலை எடுத்தது 2019 ஜனவரியில்; அப்போது இந்தப் பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். 13.5 கிலோமீட்டர் நிஜப் பாலத்தை 1982இல் கட்டத் தொடங்கி 1985இல்தான் திறந்தார்கள். தம்பி ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டான். கீழே அக்காவின் வாசகம்: “தம்பி தானாவே செஞ்சான். நான் பக்கத்துல உக்காந்திருந்ததோட சரி.” அதற்குக் கீழே கும்பிடும் கைகள் இரண்டு, பொம்மைக் கைகள்.

ஆனால் படத்தின் வலது மூலையில் ஒரு நிஜக் கை இருந்தது. சின்னக் கை, தூரிகை பிடித்த கை. அந்தக் கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருடமாக அந்தக் கையைப் பார்த்து வருகிறேன். தேங்காய்ச் சிரட்டையில் ஆமை செய்தபோது சிரட்டையின் ஓரத்தில் அந்தக் கை. முட்டைத் தட்டில் முதலை செய்தபோது முதலையின் வாலைத் தொட்டுக்கொண்டு அந்தக் கை. தேசிய தினத்துக்கு மணிலா அட்டையில் கொடி செய்தபோது, பதினான்கு கோடும் நூல் பிடித்த மாதிரி வந்திருக்க, நட்சத்திரத்தின் பதினான்காவது முனையில் கத்தரிக்கோலோடு அதே கை. நகம் வெட்டிய, மடிப்பில் அழுக்கில்லாத, விளம்பரத்துக்கு ஆகிற கை. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் ஒரு துளி வண்ணம். எப்போதும் அந்த விரல், எப்போதும் ஒரே துளி. மச்சமாக இருக்குமோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் மச்சம் வாரத்துக்கு ஒரு நிறம் மாறாது.

ரகசியம் ஒருநாள் தெரிந்தது. திடல்தடப் பயிற்சி முடிந்து பிள்ளைகளின் சட்டை மாறிப்போய்விட்டது. மாற்றிக் கொடுக்கப் போனேன்.

“வாங்க தம்பி, உக்காருங்க. ஒரே நிமிசம், வெளிச்சம் போயிடும்” என்றார் அக்கா.

மேசை மேல் காகிதக் கூழில் செய்த எரிமலை. பையன் தரையில் குப்புறப் படுத்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, கை!”

பையன் எழுந்து வந்தான். கண் இன்னும் காரில். கையை மட்டும் நீட்டினான், வளையல்காரரிடம் நீட்டுகிற மாதிரி. அக்கா ஈரத் தாளால் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு பல்குத்தும் குச்சியை எடுத்துச் சிவப்பு வண்ணத்தில் தோய்த்து, ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு வைத்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். “வேல செஞ்ச மாதிரி இருக்கணுமில்ல தம்பி” என்றார், குழம்புக்கு உப்புப் போடும் காரணத்தைச் சொல்வதுபோல. தூரிகையை விரல்களுக்கிடையில் செருகினார். “கொஞ்சம் சாய்ச்சி. இன்னும் சாய்ச்சி. அப்படியே.” படம். பையன் தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டான். மொத்தம் நாற்பது விநாடி இருக்கும்.

“மொகம் எடுக்க மாட்டீங்களாக்கா?”

“மொகத்த எடுத்தா கொட்டாவி விடறான்.”

பச்சைப்பயறு விஷயத்தில்தான் அக்கா கொஞ்சம் அளவு மீறினார். ஈரப் பஞ்சில் பயறு போட்டு ஐந்து நாள் கவனித்து, நாளுக்கு ஒரு படம் எடுத்து ஒட்டி வர வேண்டும் என்பது வேலை. முதல் நாள் படத்தில் பயறு, பக்கத்தில் கை, நீலச் சட்டை. இரண்டாம் நாள் ஊறிய பயறு, மஞ்சள் சட்டை. ஐந்தாம் நாள் பஞ்சு மேல் காடு மாதிரி முளை, கோடு போட்ட சட்டை. குழுவில் கைதட்டல். எனக்கு மட்டும் கண் சுவருக்குப் போனது. பின்னால் தொங்கிய கடிகாரத்தில் ஐந்து நாளும் மணி பத்தே கால், பத்து இருபது, பத்து இருபத்தைந்து. அந்த ஐந்தாம் நாள் முளையையும் உற்றுப் பார்த்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் முளைத்தது பச்சை இலை விட்டிருக்கும். இது வெள்ளை வெளேரென்று, தடித்து, வால் நீண்டு கிடந்தது. இருட்டில் வளர்த்தால்தான் அப்படி வரும். இருட்டில் வளர்த்து அதைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள், பசாரில். தவுகே.

பொறாமை என்று சொல்வீர்கள். பாதி உண்மை. எங்கள் பயறு மூன்றாம் நாளே போய்விட்டது. என் மகள் அன்பு மிகுந்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தண்ணீர் ஊற்றினாள். பஞ்சு குளமாகிப் பயறு மூழ்கி வீடே நாறியது. பயிற்சித் தாளில் அவளே எழுதினாள்: “பயறு செத்துவிட்டது. அப்பா மூக்கைப் பொத்தினார்.” எழுதிவிட்டு என்னைப் பார்த்து, “மீனு தண்ணிக்குள்ளயே இருக்குதே, அது ஏன் சாவல?” என்றாள். விதையும் மூச்சு விடும், தண்ணீருக்குள் அதற்குக் காற்றுக் கிடைக்காது, மீனுக்குச் செவுள் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டு போக, அவள் மறுநாள் சந்தையில் வாங்கிய கெம்போங் மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் சமையல் ஒரு மணி நேரம் தாமதமானது. அதற்குப் படம் இல்லை. என் கையிலும் மீன்.

அக்காவுக்கு வேறு பழக்கங்களும் உண்டு. ரொட்டி சானாய் கடையில் “நாலா கிழிச்சா ஒரு துண்டு எத்தன பங்கு?” என்று பையனைக் கேட்பார். பையன் அதற்குள் நாலு பங்கையும் தின்றிருப்பான். விஜயதசமிக்குக் கோயிலில் அரிசித் தட்டில் ‘அ’ எழுத வைத்தபோது நிழல் விழுந்துவிட்டதென்று அரிசியைத் தட்டிச் சமன்படுத்தி இரண்டாம் முறை எழுத வைத்தார். ஐயர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டில் இணையத்தில் வாங்கிய மரத்துண்டுப் பெட்டிகள் ஏழெட்டு, எல்லாவற்றின் மூடியிலும் ‘மொண்டிசோரி’. அந்த அம்மையார், மரியா மொண்டிசோரி, 1939இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பிள்ளை தானே செய்யட்டும், பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள் என்பதுதான் அவர் முறையின் சாரம். அக்கா வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பது பையன்.

இந்தப் படம் எடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2021. இல்லிருப்புக் கற்றல். பிப்ரவரியில் டிடிக் டிவி வந்தது, பள்ளிக்கூடம் வரவேற்பறைக்கு வந்தது. அக்காவின் மூத்த மகள் அப்போது முதலாம் ஆண்டு. பிள்ளை படித்ததா என்று ஆசிரியைக்குத் தெரிய ஒரே வழி படம். எழுதியதைப் படம் எடு, வாசித்ததைப் பதிவு செய், உடற்பயிற்சிக்குக் கை தூக்கியதைப் படம் எடு. நாங்கள் எல்லாரும் எடுத்தோம். பள்ளி திறந்தது, நாங்கள் விட்டுவிட்டோம், அக்கா விடவில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வும் போனது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, ஒன்றிலிருந்து ஆறுவரை அடைவுநிலை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்வுக் காலத்தில் அம்மாவால் மண்டபத்துக்குள் நுழைய முடியாது. இப்போது மண்டபமே சமையலறை மேசையில் இருக்கிறது.

இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னேன். இனிச் சொல்வதில் சிரிப்பு இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. நான் பிறை தொழிற்பேட்டையில் ஏழரைக்கு வேலைக்கு ஏறி ஆறுக்கு இறங்குகிறவன். வீட்டுக்காரிக்கு இரவு ஷிப்டு. 9.40க்கு அந்தப் படம் வந்ததும் பத்துப் பேர் “வாவ் அக்கா” என்பார்கள், பதினோராவது ஆள் “நாளைக்கேவா கொடுக்கணும்?” என்று அலறுவார், நான் இரண்டு வெள்ளிக் கடை அடைத்துவிட்டார்களா என்று காரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். பாலம் கொடுத்த வாரம் என் மகள், தானே ஒட்டிய, நடுவில் தொய்ந்த, ஒரு பக்கம் கம்பியே இல்லாத பாலத்தைப் பையிலிருந்து எடுக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தாள். “அப்பா, நீங்க மட்டும் ஏன் எனக்குச் செஞ்சி தரமாட்டேங்கறீங்க?” என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது, அக்கா? உங்கள் பையனுக்கு ஆறாம் நிலை கிடைக்கட்டும், பாலத்துக்கு மூன்றாவது கோபுரமும் வையுங்கள். “தானாவே செஞ்சான்” என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் இருக்கலாமில்லையா? என் மகளுக்கு வாசிக்கத் தெரியும்.

இதை அக்காவிடம் நேரில் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒரு சனிக்கிழமை அவரே வாசலில் வந்து நின்றார். அம்மாவை அவசரமாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டுமாம், பையனை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா? முகம் வெளுத்திருந்தது. பாலத்தைப் பற்றிப் பேசும் நேரமில்லை அது. “விட்டுட்டுப் போங்கக்கா” என்றேன்.

என் மகள் வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பையனுக்கும் ஒரு தாள், ஒரு தூரிகை. அவள் பாட்டுக்கு வரைந்தாள். பையன் தூரிகையைப் பிடித்தான். அழகாகப் பிடித்தான், என்ன சாய்வு! தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்தினான். அசையவில்லை. யோசிக்கிறான் என்று நினைத்து நான் தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தான். கை லேசாக நடுங்கியது.

“மாமா, எடுத்துட்டீங்களா?”

“என்னத்தப்பா?”

“படம்.”

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. “இல்லப்பா. படம் எடுக்கல. நீ வரை.”

“நெசமா தொட்டுக்கவா?”

“முக்கி எடு.”

முக்கினான். முதலில் நுனி மட்டும். பிறகு கழுத்துவரை. பிறகு தூரிகையை வைத்துவிட்டு உள்ளங்கையையே முக்கினான். முழங்கைவரை நீலம். கால் மணி நேரத்தில் தாளில் ஒரு பாலம் வந்தது. வளைந்து, வீங்கி, ஒரு பக்கம் வானத்துக்கே போய்விட்ட பாலம். பாலத்தின் மேல் வரிசையாக மீன்கள். கடலுக்குள் ஒரு சிவப்புக் கார்.

“காரு முங்கிடும்டா” என்றாள் என் மகள்.

“அங்க டோலு இல்ல” என்றான் பையன்.

அக்கா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுமில்லையாம், ரத்த அழுத்தம்தானாம். பையனின் கையைப் பார்த்ததும் கைப்பையில் ஈரத் தாளைத் தேடினார். தேடிக்கொண்டே பாலம் வரைந்த தாளைப் பார்த்தார்.

“இது யாரு செஞ்சா?”

“நாந்தான்.”

“சும்மா சொல்லாத.” சொல்லிவிட்டு மறுபடி அவன் கையைப் பார்த்தார். ஈரத் தாள் கைப்பையிலேயே இருந்துவிட்டது. தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, காய்ந்ததா காயவில்லையா என்று ஊதிக்கொண்டே போனார்.

அன்று இரவு 9.40க்கு டிங் என்றது. சாவியைத் தேடிக்கொண்டே திறந்தேன். வளைந்த பாலம், மீன்கள், சிவப்புக் கார். வாசகம் இல்லை, கும்பிடும் பொம்மைக் கைகள் இல்லை. மூலையில் கையும் இல்லை.

குழுவில் சத்தமே இல்லை. ஒருவரும் வாவ் போடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஓர் அம்மா கேட்டார்: “அக்கா, இது தவறி வந்துருச்சா?”

அக்கா எழுதுகிறார், எழுதுகிறார் என்று திரை ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், “ஆமா, தவறி வந்துருச்சி” என்று வந்தது.

ஆனால் அழிக்கவில்லை. இதை எழுதும்போதும் பார்த்தேன், அங்கேயேதான் இருக்கிறது.