அப்பாவின் கணையத்துக்கு ரிலீவிங் லெட்டர்

தரமணி டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் சொந்தமாகக் கம்பெனி தொடங்க ஆசைப்படுகிறான் என்று வையுங்கள். யோசனை தயார், கூட்டாளி தயார், கையில் சேமிப்பும் இருக்கிறது. ஆனாலும் ராஜினாமா செய்ய மாட்டான். அப்பாவுக்குச் சர்க்கரை.

கம்பெனி எடுக்கும் குரூப் மருத்துவப் பாலிசியில் பல இடங்களில் பெற்றோரையும் சேர்க்கலாம். பழைய நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளே காப்பு உண்டு. வேலையை விட்டால் அந்தக் காப்பீட்டு அட்டை செத்துவிடும். சொந்தக் காசில் புதுப் பாலிசி கேட்டால், நேற்றுவரை யார் கண்ணையும் உறுத்தாத அதே சர்க்கரை 'பிரீ-எக்ஸிஸ்டிங்' ஆகிவிடும். அதற்குக் காப்பு தராத வெயிட்டிங் பீரியட் 3 ஆண்டு வரை. 4 ஆண்டாக இருந்ததை 2024இல் குறைத்தார்கள். சிறுநீரகங்கள் நன்றி தெரிவிக்கின்றன. மகன் ராஜினாமா கடிதம் கொடுத்ததும் தகப்பனாரின் கணையம் கெட்டுப்போகும் அதிசயத்தை எந்த மருத்துவக் கல்லூரியும் இன்னும் ஆராயவில்லை.

65 வயதுக்கு மேலும் பாலிசி வாங்கலாம் என்று அதே ஆண்டு காப்பீட்டு ஆணையம் அறிவித்தது. கேட்டவருக்கு மறுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. குரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்குப் போக 'மைக்ரேஷன்' என்று ஒரு வாசலும் விதியில் இருக்கிறது. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது காப்பீட்டு நிறுவனம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிப் பாலிசிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. வாங்கவே விடாத சரக்குக்கு வரிவிலக்கு!

ஏழைக்கு அரசு இருக்கிறது என்பீர்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. உண்டு, கே.கே. நகரில் ஆஸ்பத்திரியும் உண்டு. அவள் வேலையை விட்டுச் சொந்தமாகத் தையல் கடை போட்டால் சில மாதங்களில் அதுவும் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருவாளா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் தொழிலதிபராக இருக்கும்வரை அரசு அவளைக் காப்பாற்றும். அதற்கு மேல் முன்னேறினால் அது அவள் செய்த குற்றம்.

காப்பீட்டை வேலையோடு முடிச்சுப்போடும் இந்தக் கூத்து அமெரிக்காவில் வேர்விட்டது 1942க்குப் பிறகு. போர்க்காலத்தில் அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட, முதலாளிகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள். அந்த அமெரிக்காவிலேயே 2014 முதல் பழைய நோயைச் சாக்கிட்டுப் பாலிசி மறுக்க முடியாது. நாம் வியாதியை மட்டும் வரவழைத்துக்கொண்டோம்.

எச்.ஆர். இந்தக் குரூப் பாலிசிக்கு 'பெனிஃபிட்' என்று பெயர் வைத்திருக்கிறது. சம்பளம் ஏற்ற வேண்டாம், மரியாதையும் தர வேண்டாம். அம்மாவின் முழங்கால் தேயத் தேய ஆள் நகர மாட்டான்.

சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லி 2016இல் 'ஸ்டார்ட்அப் இந்தியா' வந்தது. இங்கே 'ஸ்டார்ட்அப் டி.என்.' இருக்கிறது. நட்சத்திர ஓட்டல் மாநாடுகளில் "ரிஸ்க் எடுங்கள்" என்று கர்ஜிக்கும் அதிகாரிகளின் பையில் அரசு காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கிறது. அடுத்தவன் அப்பாவை வைத்துத்தானே சூதாட்டம்!

ஆணையம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குரூப் பாலிசியிலிருந்து வெளியேறுபவரையும் அவர் பெற்றோரையும் அதே நிறுவனம் மறுக்காமல், புதிதாகக் காக்க வைக்காமல் ஏற்க வேண்டும் என்று விதி எழுதட்டும். அதுவரை, மேடையேறும் பெரியவர்களே, தயவுசெய்து மைக்கைக் கீழே வையுங்கள்.