கண் இல்லாத டிரைவர்

கேள்வி: படையெறும்பும் டிரைவர் எறும்பும் ஒன்றா? எது பொல்லாதது?

பதில்: பங்காளிகள்! இரண்டும் டோரிலினே துணைக்குடும்பம். எசிட்டான் படை மத்திய, தென் அமெரிக்காவில்; டோரிலஸ் வகையறாவில் சிலதான் ஆப்பிரிக்காவின் டிரைவர்கள். எசிட்டானுக்குச் சொந்த வீடு கிடையாது. லட்சக்கணக்கில் ஒன்றன் காலை ஒன்று கோத்துத் தொங்கும். அந்த உடம்புப் பந்துக்குள்தான் ராணியும் புழுக்களும். சுமார் 15 நாள் ஊர்சுற்றல், 20 நாள் ஒரே இடத்தில் முகாம். (லீவு கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது.) டிரைவர் மண்ணுக்குள் குடியிருக்கும். வேலைக்கார டிரைவருக்குக் கண்ணே இல்லை, வாசனைதான் ரூட். டிரைவர் படை வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். திரும்பி வந்தால் கரப்பான் தொல்லை தீர்ந்திருக்கும். பொல்லாதது? என் ஓட்டு டிரைவருக்கே. எசிட்டான் பெரும்பாலும் பூச்சிகளோடு நிறுத்திக்கொள்ளும். இவருக்குக் கட்டிப்போட்ட கோழியும் சம்மதம்.