பச்சைக் கட்டம்

நிதித்துறையில் முன்னேற நினைக்கும் தம்பிகள் முதலில் காலை நாலரை மணிக்கு எழுந்து பழக வேண்டும். பங்குச் சந்தை திறப்பது 9.15-க்குத்தான். அதனால் என்ன? நேற்றுப் போட்ட திட்டம் ஏன் நடக்கவில்லை என்று ஆராய அவகாசம் வேண்டாமா? ஆராய்ந்ததை எக்செல்லில் ஏற்றி, முடிந்த கட்டங்களுக்குப் பச்சை அடிக்க வேண்டும். பச்சை அடிப்பதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதற்கும் பச்சை அடிக்கலாம்.

1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துப் படித்தார். நம் தம்பியும் அப்படியே: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. சரியாக அந்த ஐந்து நிமிடத்தில்தான் மேலாளர் கூப்பிடுவார். தக்காளி என்ன செய்யும், பாவம்.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கலாமே என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2023-இல். எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 2025-இல் அதை 90 ஆக்கினார். இரண்டாண்டுக்கு 20 மணி நேரம் என்ற இந்த அருமையான வளர்ச்சி நீடித்தால், 2033-இல் 170-ஐத் தொடுவோம். வாரத்தில் இருப்பதோ 168. மீதி இரண்டை அடுத்த வாரத்திடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். நிதித்துறைக்காரருக்குக் கடன் வாங்கச் சொல்லித்தர வேண்டுமா?

ஊராரின் கோடிகளை ஒரு பைசா பிசகாமல் பார்க்கும் நம் தம்பி, தன் வருமான வரிக் கணக்கை மட்டும் கெடு தாண்டித் தாக்கல் செய்தார். கட்டிய 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தைச் ‘சுயமேம்பாட்டு முதலீடு’ என்று பதிந்திருக்கிறார்.