எச்சில் இலை போகும் இடம்

எழுபதுகளின் கடைசியில் கும்பகோணத்தில் அப்பா மெஸ் நடத்தினார். அங்கே குப்பைத்தொட்டி என்று தனியாக ஒன்று இருந்ததாக நினைவில்லை. பந்தி முடிந்ததும் இலைகள் கொல்லைக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் கழுநீர்த் தொட்டிக்கு. மாடு வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் வந்து அதை வழித்துக்கொண்டு போவார்கள். மாடு கழித்த இலையும் அடுப்புச் சாம்பலும் வண்டியேறி, பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் எருக்குழிக்குப் போகும். கோடையில் குழியைப் பிரித்தால் எரு கறுப்பாக, மண்வாசனையோடு உதிரும். குறுவைக்கு முன் அதை வயலில் இறைத்துவிடுவார்.

இப்படிச் செய்யச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லை. கழிவை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார். இலைக்குள் சோறும் கறியும் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தை முழுசாகக் கொண்டாட எனக்கு மனம் வராது. எச்சில் இலை எடுத்தவர்களுக்குக் கொல்லைவாசல் மட்டும்தான் திறந்திருந்தது.

இன்று சென்னையில் கல்யாண மண்டபங்களின் சமையலறைகளை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனி வகையாகப் பிரித்தன. குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும். மக்குவதை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். தேவையான சட்டம்தான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து நகரத்தையே இருமவைத்தது. காற்றுப் படாமல் அடியில் புழுங்கும் சோறும் காயும் மீத்தேனை வெளிவிடும். கிடங்கில் பிடித்த தீயை அது லேசில் அணையவிடாது.

சிக்கல் பந்தியிலேயே தொடங்கிவிடுகிறது. தரம் பிரிக்கும் மேசையில் நிற்கும் அக்கா ஒரு நாள் மடித்த இலையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், அதன் குட்டிக் கரண்டி, பீடா சுற்றிய தாள். “சாப்பிட்டு எந்திரிக்கும்போதே எல்லாத்தையும் உள்ள வெச்சு மடிச்சுடுறாங்க சார். ஒவ்வொரு இலையையும் பிரிச்சுத்தான் பார்க்க வேண்டியிருக்கு” என்றார். ஒரே பந்தியில் முந்நூறு இலை விழும்.

அடுத்தது உரக்குவியல். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து, முப்பது பங்கு கார்பன் இருந்தால்தான் கழிவு ஒழுங்காக மக்கும். சாம்பார் சாதமும் தயிரும் பொரியலும் ஈரமும் எண்ணெயுமாக வருகின்றன. அப்படியே குவித்தால் நாறும், புழு வைக்கும். மரத்தூளோ சருகோ தென்னைநார்க் கழிவோ கலக்க வேண்டும், வாழையிலையை நறுக்க வேண்டும், சூடு 55 டிகிரியைத் தாண்டி நிற்கும்படி கிளறிவிட வேண்டும். அதன்பின் வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும். முகூர்த்த நாளில் மலையாகக் குவிந்து ஆடியில் காய்ந்துபோகும் மண்டபத்தில், குவியலைச் சீராக வைத்திருப்பதே பெரும்பாடு.

இந்த அவசரத்தில்தான் இருபத்துநாலு மணி நேரத்தில் உரம் தருவதாகச் சொல்லும் இயந்திரங்கள் விலைபோகின்றன. ஒரு மண்டபத்தில் அப்படி வந்த பழுப்புத் தூளில் தண்ணீர் தெளித்து வைத்தோம். மறுநாள் வெள்ளைப் பூஞ்சை, புளித்த வாடை. அது காயவைத்து அரைத்த சோறு. செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும்.

நல்ல உரம் கிடைத்தாலும் வாங்க ஆளில்லை. நகரக் குப்பை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகையை மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. ஆனால் விவசாயி பயப்படுவது கண்ணாடித் துண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும். 45 கிலோ யூரியா மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது, லாரி வாடகை கொடுத்து இதை ஏன் ஏற்றிப்போக வேண்டும்?

அப்பாவின் கொல்லையில் தானாக நடந்தது இன்று சட்டத்தோடும் இயந்திரத்தோடும் திணறுவதற்குக் காரணம் இதுதான்: எருக்குழிக்காரர் இப்போது இல்லை. அவரைத் திரும்ப உண்டாக்க வேண்டும். இலை மடிப்பதற்கு முன்பே பாட்டிலையும் கப்பையும் வாங்க வரிசைக்கு ஓர் ஆளை நிறுத்துகிறோம். மேசைக்கு வரும் கலப்படம் கண்கூடாகக் குறைகிறது. அந்த ஆளின் கூலியையும் தரம் பிரிப்பவரின் கையுறையையும் கல்யாணச் செலவுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. சோதனைக்கு வரும் அதிகாரிகள் இயந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இனி அதில் வந்த உரம் எந்த வயலுக்குப் போனது என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தால், ஒவ்வொரு மண்டபமும் தனக்கொரு விவசாயியைத் தேடிப் போகும்.