சென்னைக்கு விசில், புனேவுக்கு ரயில்

சென்னை அணிக்கு விசிலடிக்க எனக்குச் சட்டப்படி உரிமை வந்தது 2018-ல்தான். அதுவரை நான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரன். எங்கள் முகப்பேர் அப்போதெல்லாம் அம்பத்தூர் நகராட்சியைச் சேர்ந்தது. 2011 அக்டோபரில் அந்த நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு இணைத்தார்கள். மாவட்டத்தின் பெயர் மாற இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று. ஆக, சென்னை சூப்பர் கிங்ஸ் 2010-லும் 2011-லும் கோப்பை ஜெயித்தபோது நான் போட்ட ஆட்டமெல்லாம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் போட்ட ஆட்டம்தான்.

ராசி பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். நாங்கள் மாநகராட்சியில் சேர்ந்ததும் 2012, 2013 இரண்டு வருஷமும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. மாவட்டத்திலும் சேர்ந்துகொண்ட 2018-ல் மறுபடி கோப்பை. இதற்காக முகப்பேருக்கு இதுவரை யாரும் நன்றி சொல்லவில்லை.

எண்பதுகளில் இங்கே குடிவந்தபோது இது ஜெ.ஜெ. நகர். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த இடம். வீட்டைவிடக் காலி மனை அதிகம். "மெட்ராஸுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் 7எம் பஸ்ஸில் ஏறுவோம். அந்த மெட்ராஸில் 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்த அணி எதற்கும் நாங்கள் ரசிகர்களாக இருந்ததில்லை. எங்கள் அணிகளின் பெயர்கள் வேறு: ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இந்தியா பிஸ்டன்ஸ், ஜாலி ரோவர்ஸ். கேட்டால் விளையாட்டுச் செய்தி மாதிரியே இருக்காது. வேலைவாய்ப்பு விளம்பரம் மாதிரி இருக்கும். உண்மையும் அதுதான். பந்து நன்றாகப் போட்டால் வேலை கிடைக்கும். அதற்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று பெயர்.

அதனால் நட்சத்திரங்களைப் பார்க்க நாங்கள் ஸ்டேடியத்துக்கே போகவேண்டியதில்லை. வங்கிக்குப் போனால் போதும். நான் கணக்கு வைத்திருந்த கிளையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சாயங்காலமானால் கால்பந்தில் ஃபுல்பேக். முந்தின நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய், "சார், அந்தக் கடைசி கார்னர்ல நீங்க கொஞ்சம் முன்னாடி வந்துட்டீங்க" என்று ஆரம்பித்தேன். அவர் தலையைத் தூக்காமல், "பாஸ்புக் கொண்டாந்தீங்களா?" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் மட்டும், "இல்ல சார், கோல்கீப்பர்தான் வெளியே வந்திருக்கணும்" என்று ஃபுல்பேக்குக்காக வாதாடினார். வசூலான செலான்களைக் கட்டி முடித்தபிறகு ஃபுல்பேக் மெதுவாகச் சொன்னார்: "அவர் சொல்றதுதான் சரி."

கிரிக்கெட்டும் அப்படித்தான். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கம்பெனி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம் நடக்கும். கீழ் டிவிஷன் என்றால் தேங்காய் நார்ப் பாயை இழுத்துக் கட்டி ஆணி அடித்த மேட்டிங் விக்கெட். ஸ்கோரருக்கு ஒரு மேஜை, வேப்பமரத்து நிழல். தகரத்தில் எண் எழுதிய பலகையை மாட்ட ஒரு பையன். அவன் ஐஸ் வாங்கப் போய்விட்டால் ஸ்கோர் 84-லேயே நின்றுவிடும், பேட்ஸ்மேன் அரை சதம் போட்டாலும். பார்வையாளர்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தால் கூட்டம் என்று பொருள். ஃபைன் லெக்கில் நிற்பவர் ஓவருக்கு ஓவர் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். "அண்ணே, மணி என்ன?" மூன்று மணிக்கு அவருக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒன்பது விக்கெட் விழுந்து, எதிரணியின் கடைசி ஜோடி முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும். தோற்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, லேட் மார்க் விழும் என்பதுதான் கவலை.

அணியின் பெயர் கம்பெனியுடையது, ஆள் நம்மவர். அந்தக் காலத்துக் கணக்கு இது. இன்றைக்குக் கணக்கு தலைகீழ். பெயர் நம்முடையது, ஆள் எங்கிருந்தோ வந்தவர்.

சென்னை என்ற பெயரைத் தாங்கி இருபது ஓவர் கோப்பையை முதலில் ஜெயித்த அணி எது என்று எங்கள் அடுக்ககத்தில் கேட்டால் குழந்தைகூடப் பதில் சொல்லும். பதில் தப்பாக இருக்கும். 2007 டிசம்பரில் இந்தியன் கிரிக்கெட் லீக் என்று ஒன்று நடந்தது. அதன் முதல் கோப்பையை வாங்கியது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். தலைவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் லா. கிரிக்கெட் வாரியம் அந்த லீக்கை ஏற்கவில்லை, லீக் மறைந்தது, கோப்பையும் மறந்துபோனது. இரண்டே மாதத்தில் ஐபிஎல் ஏலம். ராஞ்சிக்காரரான தோனியை 6 கோடிக்கு எடுத்து நம் பிள்ளையாக்கிக்கொண்டோம். அவரை இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் துணைத் தலைவராகவும் வைத்துக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவின் உச்சம் அதுதான்.

பிறகு எல்லா விளையாட்டுக்கும் சென்னை முளைத்தது. கால்பந்துக்கு 2014-ல் சென்னையின் எஃப்சி. உரிமையாளர்களில் ஒருவர் அபிஷேக் பச்சன். முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மட்டராஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டிய அதே ஆசாமி. கபடிக்கு 2017-ல் தமிழ் தலைவாஸ். மாநில விளையாட்டு என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் ஆட்டத்துக்கு மும்பைக்காரரான டெண்டுல்கர் பங்குதாரர், இமாச்சலத்து அஜய் தாக்கூர் கேப்டன். முதல் இரண்டு சீசனில் தங்கள் பிரிவில் கடைசி இடம், மூன்றாவதில் எல்லோரிலும் கடைசி இடம். அந்த வகையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கைப்பந்துக்கு சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வந்தது. 2019-ல் நேரு உள்விளையாட்டரங்கத்திலேயே கோப்பையை ஜெயித்தது. அந்த வருஷமே லீக்கைக் கலைத்துவிட்டார்கள். நாங்கள் ஜெயித்தால் போட்டியையே மூடிவிடுவார்கள் என்பதற்கு இது இரண்டாவது சான்று.

சென்னை அணிகளுக்கு உள்ளூரைவிடப் பிடித்த ஊர் ஒன்று உண்டு. புனே. 2015 வெள்ளத்தில் சென்னை மிதந்தபோது சென்னையின் எஃப்சியின் அரையிறுதி புனேவுக்குப் போனது. போன இடத்தில் கொல்கத்தாவை 3–0 என்று அடித்து, பின்னர் கோப்பையையும் வாங்கினார்கள். சூதாட்ட விவகாரத்தில் சூப்பர் கிங்ஸுக்கு இரண்டு வருஷத் தடை வந்ததும் தோனி 2016, 2017-ல் ஆடியது புனே அணிக்கு. 1997 முதல் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் டென்னிஸ் 2018-ல் புனேவுக்கு மாறியது. அதே 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தோடு ஐபிஎல் நின்று, மீதி ஆட்டங்கள் புனேவில் நடந்தன. ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலிலிருந்து தனி ரயிலே கிளம்பியது. விசில் போடு எக்ஸ்பிரஸ். காவிரிக்குத் தண்ணீர் வந்ததோ இல்லையோ, புனேவுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது.

புனே அளவுக்கு வேண்டாம், கோவை போதும் என்று இருந்தவர்களும் உண்டு. சென்னை சிட்டி எஃப்சி 2018–19-ல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. தேசியப் பட்டம். பெயரில் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர். கோவைக்காரர்கள் சென்னை வாழ்க என்று கத்திய ஒரே சமயம் வரலாற்றில் அதுவாகத்தான் இருக்கும்.

எங்களுக்கென்றும் ஓர் அணி வந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்று திருவள்ளூர் வீரன்ஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் முதல்முறையாகச் சொந்த மாவட்டத்துப் பெயரை டிவியில் பார்த்தோம். இரண்டு சீசன் ஆடினார்கள். 2018-ல் அந்த அணி திருவள்ளூரை விட்டுவிட்டுக் காஞ்சி வீரன்ஸ் ஆனது. அதே வருஷம் முகப்பேரும் திருவள்ளூரை விட்டுவிட்டுச் சென்னை ஆனது. அணியும் ரசிகனும் ஒரே நேரத்தில் ஊரைக் காலி செய்துகொண்டு வேறு வேறு திசையில் போனது வேறெங்கும் நடந்திருக்காது.

இன்றைய நிலவரம் இது. சூப்பர் கிங்ஸ் ஆட்டம் என்றால் எங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடியில் திரை கட்டிவிடுவார்கள். சேப்பாக்கம் போவது இப்போது சுலபம். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சேப்பாக்கம். 7எம்மில் தொங்கிக்கொண்டு பிராட்வே போய் வேறு பஸ் பிடித்த காலம் போயே போய்விட்டது. போக வழி வந்துவிட்டது, உள்ளே நுழையத்தான் வழியில்லை. 2024, 2025-ல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். அதையும் வாங்க ஆன்லைனில் வரிசையில் நின்றால் நமக்கு முன்னால் லட்சக்கணக்கில் ஆள் இருப்பதாகத் திரை சொல்லும். ஆகவே மொட்டை மாடி.

அங்கேதான் மூன்றாம் மாடிப் பையன் என்னைப் பேட்டி எடுத்தான். ஆறாம் வகுப்பு, முதுகில் 7.

"தாத்தா, உங்க காலத்துல சிஎஸ்கேல யாரு ஓப்பனிங்?"

"எங்க காலத்துல சிஎஸ்கேவே கிடையாதுடா."

"அப்ப யாருக்கு சப்போர்ட் பண்ணீங்க?"

"ஐசிஎஃப்புக்கு."

கொஞ்சம் யோசித்தான். "அது ரயில் பெட்டி செய்ற இடமாச்சே?"

"ஆமா. கோலும் போடுவாங்க."

அவன் நம்பவில்லை. நான் 2023 இறுதி ஆட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். அகமதாபாத், நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். அது அவனுக்கு மனப்பாடம். "அன்னிக்கு நம்ம பவுலிங்கை அடிச்சு நொறுக்கினது யாரு தெரியுமா? 47 பந்துல 96?" "சாய் சுதர்சன், குஜராத்" என்றான் உடனே. "அவன்தான்டா நம்ம ஊர்ப் பையன். சென்னையிலேயே லீக் ஆடி வளர்ந்தவன்." பையன் முகத்தில் குழப்பம். சென்னை அணியின் பதினொருவரில் அன்று ஒரு தமிழ்நாட்டுக்காரரும் இல்லை. எங்களை அடித்தவன் மட்டும் சென்னைக்காரன். அதற்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் சட்டமன்றத்தில் பாமக உறுப்பினர் ஒருவர், தமிழ்நாட்டு வீரர்கள் இல்லாத அணிக்குத் தடை போடுங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கோரிக்கையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். முகப்பேர்க்காரன் வந்தேறிகளைப் பற்றிப் பேசக் கூடாது. இங்கே தெருவுக்குத் தெரு திருநெல்வேலி, தஞ்சாவூர், நெல்லூர், பாலக்காடு. அரசாணை போட்டு நாங்கள் சென்னைக்காரர் ஆனோம். ஏலம் போட்டு தோனி ஆனார். பெரிய வித்தியாசம் இல்லை. பழைய லீக்கிலும் வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். டிரினிடாடில் பிறந்த ராபின் சிங் இங்கே வந்து லீக் ஆடி, 1988-ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தார். யாரும் அவருடைய பூர்வீகத்தைக் கேட்கவில்லை. தங்கினார், ஆடினார், நம்மவர் ஆனார். எங்கிருந்து வந்தார் என்பது பிரச்சினையே இல்லை. ஃபைன் லெக்கில் நின்று நம்மிடம் மணி கேட்பாரா என்பதுதான் பிரச்சினை.

இதற்கு நடுவில் எங்கள் பேட்டையில் நடந்த ஒன்றை, எங்கள் பேட்டையே கடைசியாகத்தான் கவனித்தது. பாடியில் வளர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் செஸ்ஸில் உலகின் முதல் அக்கா–தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். பக்கத்து மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். பல வருஷம் அந்தப் பள்ளி வேன்கள் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றபோது நாங்கள் ஹாரன் அடித்தோம். உள்ளே யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்க்கவில்லை. ஏலம் இல்லை, ஜெர்சி இல்லை, சியர் லீடர் இல்லை. ஆளும் நம்மவர், ஊரும் நம்முடையது. அணிதான் இல்லை.

ஐந்து கோப்பை வாங்கிய சூப்பர் கிங்ஸ் 2025-ல் முதல்முறையாகக் கடைசி இடத்துக்கு வந்தது. அதற்காக ஊரே துக்கம் கொண்டாடியது. தமிழ்நாடு 1988-க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையையே ஜெயிக்கவில்லை. அதற்காக ஒரு தெருக்கூட அழவில்லை. அடுத்த சாய் சுதர்சன் எங்கோ ஒரு கம்பெனி மைதானத்தில் லீக் ஆடிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு அவனை வேறு ஊர் ஏலம் எடுக்கும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, ஆன்லைன் வரிசை இல்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போனால் போதும். நல்ல ஷாட்டுக்குக் கைதட்டினால் ஆடுகிறவன் காதில் விழும்.